தேன் தொட்ட விரல்

ஜூன் 3, செவ்வாய்

பெரிய ஆபீசிலிருந்து மூன்று பேர் வந்து இன்று எங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வகுப்பு என்றால் பெஞ்சு, போர்டு எதுவும் கிடையாது. ஹவுசிங் போர்டு ஜி பிளாக்கின் கீழே, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, மாசமாக இருக்கிறவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் உட்கார வைத்து, என்ன சாப்பிட வேண்டும், பிள்ளைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று படம் காட்டிச் சொல்வேன். அவ்வளவுதான். இந்த வகுப்பை நடத்துகிற சங்கத்தில் என் வேலைக்குப் பேர் தாய்மார் தோழி. இங்கே எல்லோருக்கும் நான் பூங்காக்கா. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்ட பூங்காவனம் இன்றைக்கு டீச்சர்!

வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் கேட்டார். "பொறந்த குழந்தைக்கு என்ன குடுப்பீங்க?"

"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் சார்! தண்ணிகூட இல்ல சார்!" என்று இருபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"தேன்? சர்க்கரைத் தண்ணி?"

"கூடவே கூடாது சார்!"

அவருக்கு வாயெல்லாம் பல். நேற்று சாயந்திரம் ஒரு மணி நேரம் நான் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தது அவருக்கு எப்படித் தெரியும்? "ஆபீசர் யார் கேட்டாலும் இதத்தான் சொல்லணும், யோசிக்கக் கூடாது, யோசிச்சா மாட்டிக்குவீங்க" என்று சொல்லியிருந்தேன்.

சங்கத்தில் எனக்கு மேலே இருக்கிற பிரமிளா மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவில் இரண்டே இரண்டு சப்பாத்தி இருந்தது. "மேடம், இது டப்பாவா, மாத்திரை டப்பாவா? மொதல்ல உங்களப் புடிச்சு என் பாயில உக்கார வெக்கணும்" என்றேன். ஆபீசர்களும் சிரித்தார்கள்.

ஜூன் 6, வெள்ளி

மூன்றாவது மாடி மோனிஷாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. சுகப்பிரசவம்.

இந்த மோனிஷா வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தாய் இல்லாத பெண், அத்தை வீட்டில் வளர்ந்தவள். புருஷன் டில்லிபாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மாமியார் கன்னியம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அவள் வாயைத் திறந்தால் மீனே எழுந்து ஓடும். இவள் மட்டும் பேசவே மாட்டாள். நான் வைத்த பேர் 'மியூட்டு'. அப்படிக் கூப்பிட்டால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு கண்ணால் சிரிப்பாள்.

குழாயடியில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குக் காத்திருந்து இடுப்பு போய்விட்டது.

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து மோனிஷா வீட்டுக்கு வந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன், கொஞ்சினேன், வந்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். பச்சை நிறம். எனக்குப் பச்சை எடுக்கும்.

இருமலுக்கு என்று தேன் வாங்கி வைத்திருந்தேன். சின்ன பாட்டில். எங்கே போயிற்றோ.

ஜூன் 12, வியாழன்

ரேஷனில் பருப்பு இல்லை. முட்டி வலி.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைய வகுப்பு, பிறந்த குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதவை. எங்கள் படப் புத்தகத்தில் சேனைக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் குணசாலி என்று பேர் எடுத்த ஒருவரைக் கூப்பிட்டுத் தேனோ சர்க்கரைத் தண்ணியோ அதன் நாக்கில் தொட்டு வைக்கச் சொல்வார்களே, அந்தச் சேனைதான். வைத்தவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். படத்தில் ஒரு விரல், ஒரு குழந்தை வாய், மேலே சிவப்புப் பெருக்கல் குறி.

மழை வருகிற மாதிரி இருந்ததால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகப் புரட்டிவிட்டேன்.

முருங்கைக்கீரைப் பக்கத்தில்தான் நல்ல கலாட்டா. அபிநயாவுக்கு ஏழாவது மாதம், கீரை என்றாலே முகம் சுளிப்பாள். "நீ துன்ன வேணாம்டி. உன் புருஷனுக்குக் குடு. அவன் தெம்பா எழுந்து வந்து பாத்திரம் தேய்ப்பான், நீ ரெஸ்ட் எடு" என்றேன். ஐந்து நிமிஷம் யாரும் அடங்கவில்லை.

மழை வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

மோனிஷா வீட்டுக்குப் போனேன். இருபது நாள் குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கிறது.

"அழவே அழாது பூங்காவனம். தங்கம்! அக்கம்பக்கத்துல ஒரு சத்தம் கேக்காது" என்று கன்னியம்மா பெருமை பேசினாள்.

"அம்மா மியூட்டு, பொண்ணு சைலண்ட்டு. இந்த வூட்ல பேசற வேலை மொத்தமும் உனக்குத்தான்" என்றேன்.

கன்னியம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு மோனிஷா மெதுவாகச் சொன்னாள். "அக்கா, சரியா இழுத்துக் குடிக்க மாட்டேங்குது. வாய வெக்குது, அப்டியே வுட்டுடுது. மூணு நாளா வெளியவும் போவல."

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். மார்பைத் தாங்கி, குழந்தை வயிறு தாய் வயிற்றோடு ஒட்ட, வாய் அகலத் திறக்க வைத்து. எல்லாம் புத்தகத்தில் இருப்பது போலவே. குழந்தை இரண்டு தரம் இழுத்தது. பிறகு விட்டுவிட்டது.

"நீ ரொம்ப பயப்படற. பயந்தா பால் உள்ள போய் ஒளிஞ்சிக்கும்" என்றேன்.

ஜன்னல் கட்டையில் என்னென்னவோ பாட்டில்கள். ஒன்றைப் பார்த்ததும் சீப்பு எங்கே என்று கேட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு எதற்குச் சீப்பு? தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் எடை போடுகிற நாள். நர்ஸம்மா வந்திருந்தார். மோனிஷா குழந்தையைத் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ அறுநூறு. பிறந்ததைவிடக் குறைவு. நர்ஸம்மா குழந்தையின் கையைத் தூக்கி விட்டார், துணி மாதிரி விழுந்தது. தலை துவண்டு சரிந்தது. அழுகிற மாதிரி வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"பால் குடுக்குறியா இல்லியா? இருபத்திநாலு நாள்ல எடை கூடாம எறங்கியிருக்கு! என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க வூட்ல?" நர்ஸம்மா சத்தம் போட்டார்.

இருபது பெண்களும் மோனிஷாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்.

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷமாக எது வருமோ அதுதான் வந்தது.

"போனுக்கு மட்டும் நேரம் தவறாம சார்ஜ் ஏத்துவா சிஸ்டர். புள்ளைக்கு ஏத்த மறந்துட்டா!"

சிரித்தார்கள். நர்ஸம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அபிநயா என் தோளில் அடித்தாள். "அக்கா, உன்ன அட்சிக்க ஆளே இல்லக்கா."

மோனிஷா துப்பட்டாவால் வாயை மூடினாள். இந்த முறை கண்ணும் சிரிக்கவில்லை.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார் நர்ஸம்மா. டில்லிபாபு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். நான் பாயைச் சுருட்டி வைத்தேன். மோனிஷாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் பாதி நேரம் பேட்டரியே இருக்காது.

ஜூலை 1, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரமிளா மேடம்தான் போகச் சொன்னார். இல்லாவிட்டால் போயிருப்பேனா என்று கேட்டால் பதில் எழுதத் தெரியவில்லை.

பாப்பாவை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஊசி. வெளியே மோனிஷா, கன்னியம்மா, டில்லிபாபு, நான். டாக்டரம்மா சின்ன வயசு. கையில் அட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தாய்ப்பால் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் மேடம். தண்ணிகூட இல்ல மேடம்" என்றாள் மோனிஷா.

"கிரைப் வாட்டர், நாட்டு மருந்து?"

"இல்ல மேடம்."

"தேன்? இது முக்கியம், நல்லா யோசிச்சு சொல்லுங்க. தேன்ல சில சமயம் ஒரு கிருமி இருக்கும். பெரியவங்கள ஒண்ணும் பண்ணாது. பச்சக் குழந்தைய இப்படித் துவள வெச்சிடும். தேன் தொட்டு வெச்சீங்களா?"

"கூடவே கூடாது மேடம்" என்றாள் மோனிஷா. யோசிக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த அதே ராகம். கன்னியம்மாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

டாக்டரம்மா அட்டையில் ஒரு வரியை அடித்துவிட்டார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "நீங்கதான் இவங்க ஏரியாவுல சொல்லித் தர்றவங்களா? நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க."

நன்றி என்று சொன்னேன். அதுவும் நான்தான் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

துணி துவைத்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன். அடுப்படி மேடையை இரண்டு தரம் தேய்த்தேன்.

சாயந்திரம் டில்லிபாபு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நாளைக்கு மத்தியானம் பாப்பாவின் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று சந்தேகமாம். காரணம் பிடிபடவில்லையாம்.

"புள்ளைய பட்டினி போட்டுட்டாக்கா அவ. நீங்களே சொன்னீங்களாமே, எல்லார் எதுர்லயும்" என்றான். "பாப்பா பொழைச்சு வந்தா எங்கம்மா பாத்துக்கட்டும், டப்பா பால் குடுத்துக்குறோம். இவ அத்த வூட்டுக்கே போவட்டும். எங்கம்மா முடிவே பண்ணிட்டாங்க."

நான் மேலே வந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி எழுதாததை எழுதுகிறேன்.

அன்றைக்கு மோனிஷாவே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பிள்ளை பெற்று மூன்று நாள்தான், இரண்டு மாடி இறங்கி வந்திருந்தாள். "அக்கா, எங்கம்மா இருந்தா அவங்க வெப்பாங்க. எனக்கு யாரும் இல்ல. நீங்க வெச்சு வுடுங்கக்கா. உங்கள மாரி சிரிச்சிக்கினே இருக்கணும் எம்பொண்ணு. என்ன மாரி வோணாம்."

ஒன்றரை வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். கூடாது என்று சொல்லத்தான் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு உள்ளே என்னவோ பூத்தது. என்னைப் போல ஒரு பிள்ளை வேண்டும் என்று ஒருத்தி மாடி இறங்கி வந்து கேட்கிறாளே என்று. சமையலறையிலிருந்த தேன் பாட்டிலை நானே எடுத்துக்கொண்டு போனேன். விரலால் தொட்டு வைத்தேன். பாப்பா சப்புக்கொட்டியது. கைதட்டினோம். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு, தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் தடவையும் இல்லை. தாய்மார் தோழி ஆன இந்த மூன்று வருஷத்தில் இந்த ஹவுசிங் போர்டில் பதினோரு பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறேன். காலையில் பாயில் உட்கார்ந்து கூடாது என்பேன். மறுநாள் மாடி ஏறி வைத்துவிட்டு வருவேன். ஒரு சொட்டில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பத்துப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என் படிப்பு.

இருபத்தாறாம் தேதி ஜன்னல் கட்டையில் பார்த்தது அந்த பாட்டிலைத்தான். பாதிக்கு மேல் காலி. பாப்பா சிணுங்கும்போதெல்லாம் கன்னியம்மா விரல் விரலாகத் தொட்டு வைத்திருக்கிறாள். ஏன் வைக்க மாட்டாள்? டீச்சரே வைத்த தேன்.

ஜூலை 3, வியாழன்

முதல் பஸ்ஸிலேயே ஏறினேன். டாக்டரம்மா வார்டுக்கு வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"நான் தேன் வெச்சேன் மேடம். மூணாம் நாள். அப்புறம் அதே பாட்டில்லேர்ந்து வூட்லயும் தினம் வெச்சிருக்காங்க."

டாக்டரம்மா என் அடையாள அட்டையை இன்னொரு தரம் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எவ்வளவு, எத்தனை நாள், எந்தக் கடைத் தேன், பாட்டில் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டே போனார். "முந்தாநாள் இங்கதானே நின்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நின்னேன் மேடம்."

டாக்டரம்மா உள்ளே போய் யாரிடமோ வேகமாகப் பேசினார். முதுகு ஊசியை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

கன்னியம்மா ஓடி வந்தாள். "அட பாவி! நீ வெச்சதாலதான நானும் வெச்சேன்! பாடம் நடத்தறவ வெச்சா நல்லதுன்னுதானே நெனைப்பேன்!" முழு வார்டும் திரும்பியது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. டில்லிபாபு சுவரைப் பார்த்து நின்றான்.

"உம்பொண்டாட்டி பட்டினி போடலடா" என்றேன் அவனிடம். "பாப்பாவால இழுக்க முடியல, அதான். போன்னு சார்ஜுன்னு நான் சொன்னது பொய். நான் தப்பிக்கறதுக்குச் சொன்னேன்."

அவன் கொஞ்ச நேரம் கழித்துப் போய் மோனிஷாவுக்கு டீ வாங்கி வந்தான்.

மோனிஷா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னாள். "நான் சொல்லலக்கா. சத்தியமா நான் யார்கிட்டயும் உங்க பேர சொல்லல."

எனக்கு ஆறுதல் சொல்கிறாள்!

"ஏன்டி சொல்லல? டாக்டர் அவ்ளோ கேட்டாங்களே."

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? பெரியவங்க யார் கேட்டாலும் இதான் சொல்லணும், யோசிக்கக் கூடாதுன்னு."

அவள் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பு எடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

தேனால்தான் என்று பரிசோதனையில் வந்துவிட்டது. மோனிஷா மூன்று மணிக்கு ஒருதரம் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிறாள். அது குழாய் வழியே பாப்பாவுக்குப் போகிறது. வற்றவிடாதே, நாளைக்கு அது வாயால் குடிக்கப் போகிறது என்று டாக்டரம்மா சொன்னாராம்.

நான் தினம் கஞ்சியும் முட்டையும் கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டு வருகிறேன். கன்னியம்மா முதல் நாள் தூக்கு வாளியைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் நாள் வாங்கிக்கொண்டாள், முகம் பார்க்காமல். இன்று வாளியைக் கழுவிக் கொடுத்தாள்.

பாட்டு கேட்கப் பிடிக்கவில்லை. குழாயடியில் யாரோ "ஏன்க்கா, வாய அடமானம் வெச்சிட்டியா?" என்றார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

பாப்பா அழுதது! பூனைக்குட்டி மாதிரிதான், ஆனால் சத்தமாக. டில்லிபாபு எனக்கு போன் செய்து, போனைப் பாப்பா பக்கத்தில் பிடித்தான். கேட்டேன். ஹலோ என்றுகூட அவன் சொல்லவில்லை. வைத்துவிட்டான்.

காலை ஆட்டுகிறதாம். வாயால் குடிக்க இன்னும் நாளாகும், முழுசாகத் தேற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்கிறார்கள். மோனிஷாவை அத்தை வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

பிரமிளா மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வகுப்புல நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார். வேலை இருக்குமா போகுமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பாய் விரித்தேன். எல்லோரும் வந்தார்கள். இரண்டு வாரமாக நான் இல்லாததால் கூட்டம் அதிகம். ஆஸ்பத்திரியில் நடந்தது மோனிஷா வீட்டைத் தாண்டி வெளியே வரவில்லை போலிருக்கிறது. கன்னியம்மா அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு இதை மட்டும் ஏன் விழுங்கினாள் என்று எனக்குப் புரியவில்லை.

"மோனிஷா பொண்ணுக்குத் தேன் வெச்சது நான்தான்" என்றேன்.

சிரித்தார்கள்.

"டபாய்க்காதக்கா! நீயாவது தேன் வெக்கிறதாவது!" என்றாள் அபிநயா.

"நெஜமாத்தான்டி. அதனாலதான் அது துவண்டு போச்சு. மோனிஷா மேல தப்பு இல்ல. அன்னிக்கு எடை போடறப்போ நான் சொன்னது பொய்."

இன்னும் சிரித்தார்கள். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருப்பதும் ஒரு வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். "அக்கா இன்னிக்கு சீரியஸ் ரோலு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஓரமாக உட்கார்ந்திருந்த பிரமிளா மேடம் எழுந்திருக்கப் போனார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

பேர் சொல்ல ஆரம்பித்தேன். "கவின், நாலாவது மாடி, நான் வெச்சேன். ஜோஷிகா, நான் வெச்சேன். தருணுக்கும் அவன் தங்கச்சிக்கும் நான்தான் வெச்சேன்." ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு நின்றது. அந்தந்தத் தாய் தன் பிள்ளையைத் தேடி இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் மட்டும்தான் அக்கா ரகசியமாக வைத்தாள் என்று நினைத்திருந்தாள். அவர்களும் ஒருவரை ஒருவர் இன்றைக்குத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

பதினோரு பேரையும் சொல்லி முடித்தபோது மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"இனிமே யார் கேட்டாலும், வூட்ல என்ன குடுத்தீங்களோ அத சொல்லுங்க. நான் சொல்லிக் குடுத்தத சொல்லாதீங்க" என்றேன்.

அபிநயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது எட்டாவது மாதம்.

"அப்போ எம்புள்ளைக்கு யாருக்கா வெப்பாங்க?" என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "யாரும் வெக்க வேணாம். பொறந்த உடனே உன் மார்ல போடு. அது போதும்."

"உங்கள மாரி வரணும்னு நெனச்சிருந்தேன்க்கா."

"என்ன மாரி வேணாம்டி" என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.